அய்யாத்துரை கலையரங்கம்

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போதுதான், மண்டபத்துக்குப் பெயர் வைக்கவில்லை என்பது மேலப்பேட்டை நகரசபைக்கு ஞாபகம் வந்தது.

ஞாபகப்படுத்தியவர் கல்தச்சர். கலெக்டர் பெயர், சேர்மன் பெயர், தேதி எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட்டு, நடுவில் இரண்டு வரிக்கு இடம் விட்டு, "இங்கன என்ன வெட்டணும்?" என்று ஆளனுப்பிக் கேட்டிருந்தார்.

"கலையரங்கம்னு மட்டும் வெட்டச் சொல்லலாமே ஐயா" என்றார் ஹெட்கிளார்க் பலவேசம்.

"பேரு இல்லாத மண்டபத்தை எவன்வே மதிப்பான்? சாயங்காலம் கூட்டத்துல வையும்" என்றார் சேர்மன் வல்லிநாயகம்.

பலவேசத்துக்கு வயிற்றைப் புரட்டியது. தன் முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். சண்டை நிற்பதற்காக வாயில் வந்த எதையாவது சொல்லிவிடுவார். அப்புறம் சொன்னதைக் காப்பாற்ற ஒரு மாதம் அலைவார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் பாதி இப்படித்தான் போயிருந்தது.

மண்டபத்தின் பிளானே ஒன்றரை வருஷச் சண்டை. மேலப்பேட்டை தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆனி பிறந்தால் மேற்கே இருந்து சாரல் அடிக்கும். மேடையைக் கிழக்கே வைத்தால் நாடகக்காரர்கள் முகத்தில் சாரல் அடிக்கும் என்றது ஒரு கட்சி. மேற்கே வைத்தால் முதுகில் அடிக்கும், ராஜா வேஷம் போட்டவன் தும்மிக்கொண்டே எப்படி அரசாளுவான் என்றது இன்னொரு கட்சி. மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம் என்று முடிவானது. ஜன்னல் இல்லாவிட்டால் சித்திரையில் வெந்து சாவோம் என்று அந்த முடிவு ரத்தானது. கடைசியில் ஜன்னல் உண்டு, ஆனால் திறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதை மினிட் புத்தகத்தில் எழுதியவர் பலவேசம். எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெயர் விஷயம் வந்தது. கவுன்சிலர்கள் மொத்தம் பதினாறு பேர். பதினைந்து பேர் காலஞ்சென்ற தங்கள் தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். பதினாறாமவரின் தகப்பனார் துரதிருஷ்டவசமாக உயிரோடு இருந்தார். அதனால் அவர் மாமனார் பெயரைச் சொன்னார்.

பதினோராம் வார்டு நாறும்பூநாதன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "எங்கப்பா பேரு இல்லேன்னா மண்டபம் எழும்பாது. நான் அங்கன குறுக்க படுப்பேன்!"

"படுக்கட்டும். மேல கட்டிருவோம்" என்றார் சேர்மன்.

பலவேசத்தின் வயிறு ஒரு சுழற்றுச் சுழற்றியது. வாய் தானாகத் திறந்தது.

"ஐயாமாரே, நம்ம சனத்துல ஒருத்தர், ஏழை, செத்துப்போனவரு... அய்யாத்துரை பேரை வச்சா என்ன?"

எந்த அய்யாத்துரை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். மேலப்பேட்டைக்காரர். குற்றாலத்து அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர். நாற்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் சிற்றாற்றில் திடீரென்று வெள்ளம் வந்தபோது, அடித்துக்கொண்டு போன மூன்று பேரைக் கரையேற்றிவிட்டுத் தான் போய்ச் சேர்ந்தவர். இரண்டு நாள் கழித்து அணைக்கட்டில் உடல் கிடைத்தது. அப்போது ஊரே திரண்டு போய் அடக்கம் செய்தது. அப்புறம் மறந்துவிட்டது.

அய்யாத்துரை சபையில் இருந்த யாருடைய தகப்பனாரும் இல்லை. அவர் பெயர் வைத்தால் யாரும் ஜெயித்ததாக ஆகாது. பதினாறு பேரும் கைதூக்கினார்கள். நாறும்பூநாதன் மட்டும் முழங்கை வரைக்கும் தூக்கினார்.

"ஓய் பலவேசம், பேரைச் சொன்னது நீரு. மத்ததையும் நீரே பாத்துக்கிடும். சம்சாரம் சம்மதம் வேணும். மேடையில வைக்கப் படம் வேணும். அந்த மூணு பேரும் மேடையில இருக்கணும், கலெக்டர் பார்த்தா கண்ணு கலங்கணும்" என்றார் சேர்மன்.

மறுநாள் காலையில் பலவேசம் குற்றாலம் பஸ்ஸில் ஏறினார். சீசன் தொடங்கியிருந்தது. அருவிக்குப் போகிற பாதையில் அய்யாத்துரையின் மனைவி முத்துவடிவு, சாக்கை விரித்து நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் விற்றுக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் மகள் தங்கத்தாய் சீயக்காயைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயசுப் பெண்.

"ஆழாக்கா, அரை ஆழாக்கா?" என்றாள் முத்துவடிவு, தலை நிமிராமல்.

"எண்ணெய் வேண்டாம்மா. நான் நகரசபையில இருந்து வாரேன்."

அவள் எண்ணெய்ப் புட்டிகளை எடுத்துக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, என்ன செய்யுத?"

"கடையைத் தள்ளிப் போடத்தான சொல்லுவிய? போன மாசந்தான் தள்ளிப் போட்டேன். இன்னும் தள்ளுனா ஆத்துக்குள்ளதான் விரிக்கணும்."

"அதில்லம்மா!" என்று பலவேசம் பதறி விஷயத்தைச் சொன்னார். மண்டபம், மேடை, கலெக்டர், கல்லில் பெயர் எல்லாம் சொன்னார். அவள் புட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"வேண்டாம்யா."

"மூணு உசிரைக் காப்பாத்தின மனுசம்மா!"

"அதைத்தான் நானுஞ் சொல்லுதேன். அப்ப எனக்கு அஞ்சு மாசம். வீட்டுல ரெண்டு உசிரு இருந்தோம். முன்ன பின்ன தெரியாத மூணு பேருக்காவ எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனாரு. ஆத்துல கால வைக்கும்போது என் நெனப்பு ஒரு தடவை வந்திருந்தா இறங்கியிருப்பாரா? பன்னெண்டு வருசமா காலையில எந்திரிச்சதும் முதல்ல அவரைத் திட்டுதேன். பெறகுதான் அடுப்பைப் பத்த வைக்கேன். அவரு பேரை ஊர் நடுவுல கல்லுல வெட்டி வச்சா நான் எந்த வழியாப் போக, எந்த வழியா வர?"

சாக்கோரம் குந்தியிருந்த பலவேசம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து தங்கத்தாய் கேட்டது.

"படம் போடுவாங்களா?"

"என்ன படம்மா?"

"எங்கப்பா படம். நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்டுல போட்டோ கிடையாது."

முத்துவடிவு மகளைத் திரும்பிப் பார்த்தாள். பலவேசத்தின் வாய் மறுபடியும் தானாகத் திறந்தது.

"போடுவாங்களாவா? ஆள் உயரத்துக்குப் போடுவாங்க தாயி! மேடையில வச்சு மாலை போடுவாங்க!"

ஒரு ஆள் வந்து அரை ஆழாக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் முத்துவடிவு சொன்னாள்: "பிள்ளைக்காவ வாரேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டோ இல்லாத ஆளுக்கு ஆளுயரப் படம் எங்கிருந்து வரும் என்பது பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் பலவேசத்துக்கு உறைத்தது.

தென்காசியில் சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதுகிற சேக் தாவூதைப் போய்ப் பார்த்தார். "அடையாளம் சொல்லுங்க, தத்ரூபமா வரைஞ்சுருவேன்" என்றார் அவர். பலவேசம் ஊரில் நாலு பேரிடம் விசாரித்தார். நல்ல நிறம் என்றான் ஒருத்தன். அட்டக் கறுப்பு என்றான் இன்னொருத்தன். நெட்டை என்றார்கள், குட்டை என்றார்கள். எல்லாவற்றையும் சேக் தாவூதிடம் ஒப்பித்தார்.

மூன்றாம் நாள் படம் வந்தது. "கேட்டதையெல்லாம் கலந்துட்டேன்" என்றார் சேக் தாவூது.

சபையில் துணியை விலக்கியதும் நாறும்பூநாதன் துள்ளி எழுந்தார்.

"இது சேர்மனோட அப்பா! பேரு அய்யாத்துரை, மூஞ்சி உங்கப்பாவா? என்னவே, எங்களை முட்டாப்பயலுவன்னு நெனச்சியளா?"

பார்க்கப் பார்க்க அப்படித்தான் இருந்தது. பலவேசம் படத்தைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினார். படத்துக்கு மீசை வைத்துக்கொண்டு வந்தார். சேர்மன் பார்த்தார். "இது நாறும்பூநாதனோட சித்தப்பாவுல்லா?" என்றார். மறுபடியும் ஓடினார். மீசையை எடுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். இப்போது இரண்டு கட்சியும் ஒன்றாகக் கேட்டது: "எண்ணெய் தேய்க்கிறவன் எந்த ஊர்லவே கண்ணாடி போட்டிருக்கான்? தேய்க்கும்போது வழுக்கி விழாதா?"

வேறு வழியில்லாமல் முத்துவடிவையே சேக் தாவூதின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். தங்கத்தாயும் கூட வந்தது.

முத்துவடிவு படத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். மீசை இருந்து அழிந்த தடத்தைப் பார்த்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பலவேசம் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்காத சிரிப்பு. தங்கத்தாய் படத்தை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா இப்படிச் சிரித்து அது பார்த்ததில்லை.

"இவரு யாரு? எந்த ஊரு போஸ்ட்மாஸ்டர்?" என்றாள் முத்துவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீயே சொல்லும்மா. நான் மாத்துதேன்" என்றார் சேக் தாவூது.

அவள் கீழே உட்கார்ந்தாள். மூக்கு இவ்வளவு எடுப்பாக இருக்காது என்றாள். நெற்றியில் முன்முடி ஏறியிருக்கும் என்றாள். இடது புருவத்தில் சின்ன வெட்டு, பாறையில் வழுக்கி விழுந்தது. கீழ் உதடு கொஞ்சம் தடிப்பு. பிரஷ் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்தில் சேர்மனின் அப்பாவும், நாறும்பூநாதனின் சித்தப்பாவும், போஸ்ட்மாஸ்டரும் படத்திலிருந்து வெளியேறி, வேறொரு மனிதர் மெல்ல உள்ளே வந்தார். முத்துவடிவின் சிரிப்பு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

"கண்ணு?" என்றார் சேக் தாவூது.

"கண்ணு எப்பவும் கீழதான் பார்க்கும். அந்தக் கடைசி வருசம் சாரல் இல்ல, சீசனும் இல்ல. யாருக்குத் தேய்ச்சுவிட? காலையில போய்ப் பாறையில உக்காந்து கீழ ஆத்தையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டாரு."

"வீரருன்னா நேரா பார்க்கணுமேம்மா. கீழ பார்த்தா மேடையில எடுபடாது."

"அப்ப நேராவே வையுங்க. என்னையுந்தான் ஒரு தடவை நேராப் பார்க்கட்டுமே" என்றாள் அவள்.

தங்கத்தாய் படத்தின் பக்கத்தில் போய் நின்றது. தன் கீழ் உதட்டைத் தொட்டுப் பார்த்தது. படத்தைத் தொடப் போனது. "ஈரம் காயலம்மா" என்று சேக் தாவூது மெதுவாகச் சொன்னார்.

படம் தீர்ந்தது. நாறும்பூநாதன் தீரவில்லை.

"மூணு பேரைக் காப்பாத்துனாருங்கதுக்கு என்ன அத்தாட்சி? வாய்ப் பேச்சை வச்சுக் கல்லு வெட்ட முடியுமா? அந்த மூணு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்" என்று மனுக் கொடுத்தார்.

பலவேசம் ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினார். பிழைத்த மூன்று பேரில் ஒருவரான ஏசுதாசன் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. அய்யாத்துரை என்ற பெயரைக் கேட்டதும் வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

"அதெல்லாம் மறந்துபோச்சு சார்."

"வெள்ளத்துல போகப் பார்த்தது எப்படி சார் மறக்கும்?"

"மறக்கணும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பாவம், சாவைக் கிட்டத்தில் பார்த்த மனிதர், அப்படித்தான் இருக்கும் என்று பலவேசம் நினைத்துக்கொண்டார். விடாமல் கெஞ்சினார். வாத்தியார் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அழகான கையெழுத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

'அன்று மழை பெய்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது. அய்யாத்துரை இறந்தார். நாங்கள் இறக்கவில்லை.'

"காப்பாத்துனாருன்னு ஒரு வார்த்தை போடப்பிடாதா?"

"இதுக்கு மேல எழுத எனக்குக் கை வரல சார்."

"எந்தக் கரையிலன்னாவது?"

"இடது கரை" என்றார் வாத்தியார். அதைப் பலவேசமே அடியில் எழுதி, மேலே 'எங்களைக் காப்பாற்றி' என்று இரண்டு வார்த்தையும் செருகிக்கொண்டார். வாத்தியார் வேறு எங்கோ பார்த்தபடி கையெழுத்துப் போட்டார்.

மற்ற இரண்டு பேரும் செங்கோட்டையில் இருந்தார்கள். மிளகு வியாபாரி முகம்மது மீரானும் அவர் மனைவி ஹைருன் பீவியும். கல்யாணமான புதிதில் தென்காசிக்கு விருந்துக்கு வந்த இடத்தில் ஆற்றில் மாட்டிக்கொண்டவர்கள்.

"நான் எழுதிக் கொடுத்தாச் செல்லாதே அண்ணாச்சி" என்றார் மீரான். "அந்த வருசம் செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்தது. நான் வேற ராஜ்யத்து ஆளு."

"இப்பத்தான் மெட்ராஸ் ராஜ்யத்துல சேர்ந்து ஆறு வருசம் ஆச்சே!"

"இப்ப சேர்ந்தேன். அப்ப சேரலையே."

இந்த வாதத்தை உடைக்க அரை மணி நேரமும் இரண்டு கிளாஸ் சுலைமானித் தேநீரும் ஆனது. கடைசியில் பலவேசம் கேள்வி கேட்கக் கேட்க, அவர் ஆமாம் ஆமாம் என்றார். எந்தக் கரை என்றதும், "வலதுன்னு போடுங்களேன்" என்றார். ஹைருன் பீவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை உள்ளே நீட்டியபோது பெருவிரல் ரேகை மட்டும் ஒற்றித் திரும்பி வந்தது.

கூட்டத்தில் நாறும்பூநாதன் இரண்டு காகிதத்தையும் எழுந்து நின்று படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இனித்தது.

"வாத்தியார் இடது கரைங்காரு. வியாபாரி வலது கரைங்காரு. ஒரே ஆளு, ஒரே நேரத்துல, ரெண்டு கரையிலயும் நின்னு காப்பாத்தியிருக்காரு! இவருக்கு மண்டபம் காணாது ஐயாமாரே, கோயிலே கட்டணும்!"

சபை சிரித்தது. சேர்மன்கூட மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். "ஒருத்தரையும் காப்பாத்தல, சும்மா வழுக்கி விழுந்து செத்திருக்கான். இதுக்கு ஒரு மண்டபமா?" என்றார் நாறும்பூநாதன்.

அன்றைக்கு முத்துவடிவும் வந்திருந்தாள். சம்மதப் பத்திரத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று பலவேசம்தான் வரச்சொல்லி, கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார். அவள் இருப்பது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"ஐயாமாரே. நீங்க பேரு வையுங்க, வைக்காமப் போங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அவரு காப்பாத்தலன்னு மட்டுஞ் சொல்லாதிய."

சிரிப்பு நின்றது.

"பன்னெண்டு வருசமா நான் அவரைத் திட்டுதேன். எங்களை விட்டுட்டு அவங்களுக்காவப் போனியளேன்னு திட்டுதேன். எம் பிள்ளை, அப்பா எங்கன்னு கேக்கும்போது, மூணு பேரைப் பிழைக்க வச்சுட்டுப் போயிட்டாருன்னு சொல்லுதேன். எனக்குத் திட்ட இருக்கதும் அதுதான். பிள்ளைக்குச் சொல்ல இருக்கதும் அதுதான். அதையும் இல்லன்னுட்டியன்னா எங்க ரெண்டு பேர் கையிலயும் என்ன இருக்கு?"

நாறும்பூநாதன் கையிலிருந்த காகிதங்களை மடித்தார். மறுபடியும் மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனதும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெள்ளத்துல கரை எவனுக்குவே தெரியும்?" என்றார், யாரையும் பார்க்காமல். "தீர்மானத்தை நானே வழிமொழியுதேன். எழுதிக்கிடும் பலவேசம்."

விழா நாளன்று சாரல் அடித்தது. மேலப்பேட்டையில் ஆடி மாதத்தில் விழா வைத்தால் வேறு என்ன அடிக்கும்? மேடையைக் கிழக்கே போட்டிருந்தார்கள். கலெக்டர் முகத்தில் சாரல் அடித்தது. பிளானில் மேற்கு கேட்ட எட்டு கவுன்சிலர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இருந்த குடையெல்லாம் கலெக்டர் தலைக்கு மேல் போய்விட்டது. ஒலிபெருக்கி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

சேக் தாவூது பேனருக்குப் போடுகிற பசை வர்ணத்தில்தான் படத்தை எழுதியிருந்தார். மழையில் நிற்காது. அதை முதலில் கவனித்தது முத்துவடிவு. ஓரமாக நின்றவள் விறுவிறுவென்று மேடையில் ஏறினாள். யாரும் தடுக்குமுன் படத்துக்கு மேற்கே, படத்தைப் பார்த்தபடி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். சாரல் அவள் முதுகில் அடித்தது. தங்கத்தாயும் ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டது. கலெக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள். முத்துவடிவு முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், அய்யாத்துரையின் முகம் இருந்தது. அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. திட்டுகிற முகமாக அது இல்லை என்பது மட்டும் பலவேசத்துக்குத் தெரிந்தது.

மூன்று பேரும் வந்திருந்தார்கள். முதலில் மாட்டோம் என்றவர்கள், அந்தம்மா உங்களைப் பார்க்கணும்னு ஆசைப்படுது என்று பலவேசம் கார்டு எழுதியதும் வந்துவிட்டார்கள். ஏசுதாசன் வாத்தியாரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நல்ல மனுசர்" என்று சரியாக இரண்டே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் வழிந்தது சாரல்தான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

கல் திறந்தார்கள். 'வீரர் அய்யாத்துரை கலையரங்கம்' என்று இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு முத்துவடிவு நேராக அந்த மூன்று பேரிடம் வந்தாள். ஹைருன் பீவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருசம் உங்க மேலயும் எனக்குக் கோவந்தாம்மா. மனசுல வச்சுக்கிடாதிய. உங்களுக்குப் பிள்ளைய எத்தனை?"

"நாலு" என்றாள் ஹைருன் பீவி. காற்றுப்போல வந்தது குரல்.

"நாலா!" முத்துவடிவின் முகம் விரிந்தது. மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி தங்கத்தாய், இங்கன வா. பாரு, உங்கப்பா மூணு பேரைக் காப்பாத்தலட்டி. ஏழு பேரைக் காப்பாத்தியிருக்காரு. நான்தான் கணக்குத் தெரியாம பன்னெண்டு வருசம் அவரைத் திட்டிட்டேன்."

வாத்தியார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மீரான் தொப்பியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். முத்துவடிவு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். படத்தை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், மண்டபம் கட்டி முடித்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்மன் சொல்லியிருந்தார். தாயும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சாக்கைப் போர்த்தி, நல்ல மனிதரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது போல மெதுவாக நடந்தார்கள்.

பலவேசம் மூன்று பேரையும் பஸ் ஏற்றிவிட வந்தார். ஆலங்குளம் பஸ் முதலில் வந்தது. வாத்தியார் பலவேசத்தின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார். பிறகு செங்கோட்டை பஸ் வந்தது. மீரானும் மனைவியும் ஏறி உட்கார்ந்தார்கள்.

பலவேசத்துக்கு அன்று வயிறு லேசாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லி, அது நல்லதாக முடிந்தது இதுதான் முதல் தடவை. ஜன்னலருகே போய் உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, இவ்வளவு நல்ல காரியம்! இதுக்கு ஒரு கையெழுத்துப் போட மூணு பேரும் என்னை இந்தப் பாடா படுத்தணும்? உங்களுக்காவ உசிரை விட்ட மனுசரு இல்லையா?"

மீரான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அதுவரை தலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஹைருன் பீவி, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அஞ்சு மாசக்காரி கிட்ட நெசத்தைச் சொல்ல மனசு வராமத்தான் அன்னைக்கு மூணு பேருஞ் சேர்ந்து மாத்திச் சொன்னோம், நீங்களும் சொல்லிராதிய அண்ணாச்சி... சாகணும்னு தானா ஆத்துல இறங்கின அவரைக் காப்பாத்தத்தான் நாங்க மூணு பேரும் குதிச்சோம்."